பித்தளை தெரியும் வரை

எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஐயா. வலது கை ஆட்காட்டி விரலில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது. மற்றபடி என் கையெழுத்து நன்றாகவே இருக்கும். முப்பது வருடம் சான்றிதழ் எழுதிப் பழகிய கை.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லி நான்கு தாள் கொடுத்தீர்கள். நான்கு போதாது என்று அப்போதே சொன்னேன். எனக்கு எதையும் அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்து போகத் தெரியாது. அந்தக் குணம்தான் என்னை இந்தத் தொழிலில் நிறுத்தியது, இப்போது இந்தப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருப்பதும் அதுதான் என்கிறாள் என் மனைவி. அவள் பேச்சைப் பிறகு எழுதுகிறேன்.

நான் நகை மதிப்பீட்டாளன். கடைத்தெருவில் தையல்கடைக்கு மேலே, மாடியில் ஒரே அறை. ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு, ஏழு உரைகல், இரண்டு புட்டி அமிலம். நான் எதையும் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. கொண்டு வருகிற பொருள் என்ன, எவ்வளவு பெறும் என்று சொல்லி, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். தெருவில் எனக்கு 'உரசல்' என்று பெயர். கீழே இருக்கும் தையல்காரர் வைத்தது. மரியாதையாகத்தான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

உரைப்பது என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் எழுதிவிடுகிறேன். கருப்புக் கல்லில் பொருளை ஒரு இழு இழுத்தால் மஞ்சளாக ஒரு கோடு விழும். அதன்மேல் ஒரு சொட்டு அமிலம். பித்தளையாக இருந்தால் கோடு பச்சையாக நுரைத்து அழிந்துபோகும். தங்கமாக இருந்தால் அப்படியே நிற்கும். இதற்கு அரம் போட்டு ராவுகிறவர்களும் இருக்கிறார்கள். அரம் போட்டால் தூள் பறக்கும், தூள் யார் மடியில் விழுகிறது என்பது அவரவர் மனசாட்சிக்குத்தான் வெளிச்சம். நான் அரத்தைத் தொட்டதே இல்லை. கல்லில் உரைத்தது கல்லிலேயே இருக்கும், ஒரு பொட்டு வெளியே போகாது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

என் நேர்மைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். கல்யாணமான முதல் வருடம், என் மனைவி தன் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை காரட் இருக்கும்?" என்று கேட்டாள். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாளாம், பிறகு சொன்னாள். பேச்சுக்குக் கேட்டாலும் நான் பொறுப்பாகத்தான் பதில் சொல்வேன். இருபத்திரண்டு காரட். சான்றிதழைச் சட்டம் போட்டு எங்கள் படுக்கையறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இருபது வருடமாகியும் மை மங்கவில்லை.

இனி வாட்ச் விஷயத்துக்கு வருகிறேன்.

என் மாமனார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலத்திலும் சரி, பேச்சிலும் சரி, அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார். அவருக்கு ஒரே ஒரு அண்ணன். லாரி ஓட்டியவர், பெரிய மாமா என்று நாங்கள் சொல்வோம். சொல்வோமே தவிர நான் அவரைப் பார்த்ததில்லை, ஏனென்றால் அண்ணனும் தம்பியும் பேசி முப்பத்தொரு வருடம் ஆகிறது. அதற்குக் காரணம் அந்த வாட்ச்தான்.

அவர்களுடைய அப்பா இறந்தபோது நடந்த கதை. இறப்பதற்குச் சில மாதம் முன்பு என் மாமனார் வயல் அளக்கப் போய் வாய்க்காலில் விழுந்து முன்பல்லைப் பறிகொடுத்தார். அப்பா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, அதில் கொஞ்சம் எடுத்து மகனுக்குத் தங்கப் பல் வைக்கச் சொன்னார். மீதிச் சங்கிலி என்ன ஆயிற்று என்று என் மாமனாருக்குத் தெரியவில்லை. அப்பா போன பிறகு அண்ணன் ஒரு கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து தம்பி கையில் வைத்து, "உனக்குன்னு அப்பா சொன்னது. தங்கம்" என்றிருக்கிறார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. லாரி ஓட்டுகிறவர்களுக்கு நீளமாகப் பேச நேரம் இருக்காது போலிருக்கிறது. இவர் வாட்சைத் திருப்பிப் பார்த்தார். கம்பெனி பெயர் இல்லை, தங்க முத்திரை இல்லை, ஒரு எண்கூட இல்லை. "சங்கிலியை அமுக்கிட்டு, முலாம் பூசின பித்தளையை என் தலையில கட்டறியா?" என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது. வாட்ச் ஒரு பழைய காலுறைக்குள் சுருட்டப்பட்டு பீரோவின் மேல்தட்டுக்குப் போனது.

முப்பத்தொரு வருடத்தில் அதை ஒரு தடவைகூட யாரிடமும் காட்டிப் பார்க்கவில்லை. வீட்டிலேயே மதிப்பீட்டாளர் மருமகன் இருக்கும்போது இது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு தடவை கேட்டேன். மாமனார் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "அப்பா, வேணாம். இவர் கையில மட்டும் கொடுக்காதீங்க" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கணவனுக்கு வேலைச்சுமை வேண்டாம் என்ற அக்கறையாக இருக்கும்.

போன வாரம் பெரிய மாமாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இருதயத்தில் ஏதோ அறுவை சிகிச்சை முடிந்து எழுந்திருக்கிறார். நான்கே வரி. "ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். அதற்குள் வாட்சை யாரிடமாவது காட்டிவிடு. பித்தளை என்றால் உன் காலில் விழுகிறேன். தங்கம் என்றால் நீ என்னை ஒரு தடவை அண்ணா என்று கூப்பிட்டால் போதும்."

என் மனைவி அப்போது ஊரில் இல்லை. தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அதனால்தான் மாமனார் துணிந்து என்னிடம் வந்தார். புதன்கிழமை பகல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் மாடிப்படி ஏறி வந்து, காலுறையை மேசைமேல் வைத்தார்.

"மாப்பிள்ளை, எனக்காகவும் சொல்ல வேணாம், அவனுக்காகவும் சொல்ல வேணாம். உள்ளதைச் சொல்லுங்க."

"சொல்றேன் மாமா."

"மேலால பார்த்துட்டுத் தங்கம்னு சொல்லிடாதீங்க. முலாம் கெட்டியா போட்டிருப்பான். அடியில பித்தளை இருக்கும். முழுசா பார்த்துச் சொல்லுங்க."

நானும் அவருமாக அங்கே இரண்டே பேர்தான் இருந்தோம், சாட்சி கிடையாது. ஆனால் 'முழுசா' என்று அவர் சொன்னது சத்தியம். இதை அவர் மறுக்க மாட்டார், இப்போது மறுக்க நினைத்தாலும் அவருக்குப் பேசுவது சிரமம்.

வியாழக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். முதலில் அடையாளம். வெள்ளை எனாமல் டயல், பெயர் எதுவும் இல்லை. எண்கள் கையால் எழுதியவை, பன்னிரண்டு மட்டும் சிவப்பு. முள் நீலம். வார் கோக்கும் கம்பிகளைக் கூட்டோடு சேர்த்தே ஊதிப் பற்றவைத்திருந்தார்கள். பின்மூடியை நகத்தாலேயே திறந்தேன். உள்ளே மிஷின் நல்ல சரக்கு, பதினைந்து மாணிக்கக் கல் வைத்தது, யாருடைய பதக்கக் கடிகாரத்திலிருந்தோ எடுத்தது. சாவி கொடுத்ததும் முப்பத்தொரு வருடத் தூக்கம் கலைந்து டிக் டிக்கென்று ஓடத் தொடங்கியது. மூடியின் உட்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இயந்திரத்தில் கடைந்த வரி இல்லை, சின்னச் சுத்தியலின் தட்டுத்தடம் இருந்தது. அதாவது மிஷின் ஒரு இடத்தது, கூடு இன்னொரு இடத்தது. கூட்டை யாரோ ஒரு நகை செய்கிறவர் கையாலேயே அடித்திருக்கிறார். கம்பெனியே செய்யாத பொருளில் கம்பெனி முத்திரை எப்படி இருக்கும்? இது பதினொரு மணிக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

பதினொன்று ஐந்துக்குக் கல்லில் ஒரு கோடு இழுத்தேன். அமிலம் விட்டேன். கோடு நின்றது. பதினெட்டு காரட்.

சோம்பேறியாக இருந்தால் அங்கேயே சான்றிதழ் எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான். ஐயா, இந்த இடத்தை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். அந்தக் கோடு எதைக் காட்டியது? மேல்தோலைக் காட்டியது. மாமனார் கேட்டது மேல்தோலையா? அடியில் பித்தளை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால் அதே இடத்தில் இன்னொரு கோடு இழுத்தேன். அதுவும் நின்றது. சரி, முலாம் கெட்டி. இன்னும் நான்கு. எல்லாமே நின்றன. பித்தளை இருந்தால் அது இன்னும் கீழே இருக்க வேண்டும்.

பித்தளை என்று நிரூபிக்க வேண்டுமானால் ஒரு கோடு போதும். பித்தளை இல்லை என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. ஒரு பொட்டு மிச்சம் இருந்தாலும், அந்தப் பொட்டுக்குள் பித்தளை இருக்கலாம் அல்லவா? வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பின்மூடி முடிந்தது. நான் 'முடிந்தது' என்று எழுதுவது சோதனையைத்தான். மூடி முழுவதும் தங்கம் என்று அப்போது என்னால் அடித்துச் சொல்ல முடிந்தது. ஆனால் பக்கச்சுற்று பாக்கி இருந்தது, வார்க்கம்பி பாக்கி இருந்தது. ஏமாற்றுகிறவன் மூடியை மட்டும் தங்கத்தில் செய்துவிட்டுச் சுற்றைப் பித்தளையில் செய்ய மாட்டானா? நான் அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். இரண்டு பார்த்திருக்கிறேன்.

வெள்ளி சாயங்காலம் ஏழு கல்லும் இரு பக்கமும் நிறைந்துவிட்டன. கழுவினால் கோடு போய்விடும், அது அடுத்தவர் பொருள், கழுவ எனக்கு உரிமை இல்லை. சனிக்கிழமை காலை என் ஜன்னல் திட்டு கருங்கல்தானே என்று அதில் உரைத்தேன். அதுவும் நிறைந்ததும் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். நல்ல கருங்கல் படிகள், யார் கட்டினாரோ, உரைகல்லுக்கு ஈடான நயம். மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு சொட்டு அமிலம், ஒவ்வொரு கோட்டுக்கும் நோட்டில் ஒரு குறிப்பு. கல்லில் தங்கம் இழுபடும்போது ஒரு மெல்லிய சத்தம் வரும், பூனை நாக்கால் நக்குவது போல. அது எனக்குப் பிடிக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காகச் செய்ததாக யாரும் எண்ணிவிடக் கூடாது.

மூன்று மணிக்குத் தையல்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்ன அண்ணே, படியெல்லாம் மின்னுது?"

"வேலை நடக்குது. மிதிக்காம ஓரமா வாங்க."

"என்ன உரசறீங்க?"

"வாட்ச்."

அவர் என் கையைப் பார்த்தார். "வாட்ச் எங்கே?" என்றார்.

என் விரல்களுக்கு நடுவில் அப்போது ஒரு அரிசி அளவு இருந்தது. காட்டினேன். அவர் டீயைக் குடிக்காமலே கடைக்குள் போய்விட்டார். எட்டாம் படியில் அந்த அரிசியும் சோதிக்கப்பட்டது. கடைசி வரை பித்தளை வரவில்லை. ஐயா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனிதர் முப்பத்தொரு வருடமாகப் பொய்யன் என்று பெயர் சுமந்திருக்கிறார், அவர் பொய்யன் இல்லை என்று இந்த உலகத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் தெரிந்த ஒரே ஆள் நான். அந்தப் படியிலேயே உட்கார்ந்து சான்றிதழ் எழுதினேன். பொருள்: தங்கக் கைக்கடிகாரம், கையால் செய்த கூடு. தரம்: பதினெட்டு காரட், முழுவதும். மதிப்பு: ஒரு புது ஸ்கூட்டர் வாங்கலாம், மீதியில் தலைக்கவசமும் வாங்கலாம், அந்த அளவு ஒரு தொகை. நிலை என்ற கட்டத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்தேன். 'உபயோகித்தது' என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு என் மனைவி ஊரிலிருந்து நேராக அவள் அப்பா வீட்டுக்கு வந்து இறங்கினாள். நான் அங்கேதான் இருந்தேன். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்பா வாட்சை உங்ககிட்ட கொடுத்தாராமே. எங்கே?"

"சான்றிதழ் தயார்."

"நான் சான்றிதழைக் கேக்கல."

தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். திறந்தாள். உள்ளே பஞ்சின்மேல் மிஷினும் டயலும் முள்ளும் பத்திரமாக இருந்தன. ஒரு கீறல் இல்லாமல் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என் மோதிரத்துக்குப் பண்ணின மாதிரியே பண்ணிட்டீங்களா?"

மாதிரியே என்று சொல்வது சரியில்லை. மோதிரத்துக்கு ஒன்றரைக் கல்தான் ஆயிற்று. அதைச் சொன்னேன். அவள் எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சமாதானமாகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குப் பெரிய மாமா வந்தார். பெரிய உடம்பு, சட்டை தொளதொளவென்று தொங்கியது. அண்ணனும் தம்பியும் கூடத்தின் இரண்டு மூலையில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் ஜன்னலையும் ஒருவர் மின்விசிறியையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் நின்று சான்றிதழை முதல் வரியிலிருந்து படித்தேன். 'பதினெட்டு காரட், முழுவதும்' என்று வந்தபோது மாமனார் கையை நீட்டித் தடுத்தார்.

"நிச்சயமா மாப்பிள்ளை? அடியில?"

"அடி வரைக்கும் பார்த்துட்டேன் மாமா. பித்தளை ஒரு பொட்டு இல்லை."

அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். அப்புறம் மின்விசிறியைப் பார்த்தபடியே, "அண்ணா" என்றார். இரண்டாவது தடவை முகத்தைப் பார்த்துச் சொன்னார். பெரிய மாமா குழந்தை மாதிரி விம்மினார். என் மனைவியும் அழுதாள், நானும் அழுதேன். எல்லாம் இந்த இடத்தோடு நின்றிருந்தால் எனக்கு இன்று விருந்து வைத்திருப்பார்கள்.

பெரிய மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வாட்சைக் கொண்டாங்க மாப்பிள்ளை. அவன் கையில நானே கட்டி விடறேன்" என்றார்.

தீப்பெட்டியைக் கொடுத்தேன். விளக்கமும் கொடுத்தேன்.

"டேய் தம்பி," என்றார் பெரிய மாமா, ரொம்ப மெதுவாக. "அது அப்பாவோட சங்கிலிடா. உன் பல்லு போக மீதியை உருக்கி, கூடு அடிக்கச் சொல்லி அவர்தான் கொடுத்தார். நான் போய் வாங்கிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். முப்பத்தொரு வருடத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே திசையில் பார்த்தது அதுதான் முதல் தடவை. இதற்கு யார் காரணம் என்பதை இந்த வாக்குமூலத்தைப் படிக்கிறவர் முடிவு செய்யட்டும்.

அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. பெரிய மாமா தீப்பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டார், பிறகு எழுந்து போய்த் தம்பி காதில் வைத்தார். "அடிக்குதுடா" என்றார். இரண்டு கிழவர்களும் ஒரு தீப்பெட்டியில் தலையை முட்டிக்கொண்டு நின்றது பார்க்க நன்றாக இருந்தது. "போனது போகட்டும். அப்பா சங்கிலி இன்னும் கொஞ்சம் இருக்கு, உன் வாயிலயே இருக்கு" என்றார் பெரிய மாமா. என் மாமனார் சிரித்தார். இருபது வருடத்தில் அவர் என் எதிரில் வாய்விட்டுச் சிரித்ததில்லை. மேல்வரிசையில், நடுவில், மஞ்சளாக ஒரு பல்.

அவர் சிரித்திருக்கக் கூடாது.

சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. என் சான்றிதழில் 'ஒப்பீடு' என்று ஒரு கட்டம் உண்டு, அதை வெறுமனே விட்டிருந்தேன். ஒரே சங்கிலியிலிருந்து வந்தவை என்றால் வாட்சும் பல்லும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். இருக்கும் என்பது பெரிய மாமாவின் வாய்வார்த்தை. அவர் பொய் சொல்லாதவர் என்று நானே நிரூபித்தேன், ஆனால் அது வாட்ச் விஷயத்தில். பல் என்பது வேறு பொருள். நான் கேட்டிருந்தால் மாமனார் மறுத்திருப்பார், மறுத்த பிறகு தொட்டால் அது தவறு. அதனால் கேட்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு அண்ணனும் தம்பியும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். பெரிய மாமா சுவரைப் பார்த்து, என் மாமனார் மல்லாந்து, வாயை நன்றாகத் திறந்து. சட்டைப்பையில் நான் எப்போதும் ஒரு சின்னக் கல் வைத்திருப்பேன். அமிலப் புட்டியைக் குளியலறையிலேயே வைத்துவிட்டுப் போனேன். தூங்குகிறவர் வாயில் அமிலம் விட நான் என்ன மிருகமா? வாயில் ஒரு கோடு மட்டும் எடுத்துக்கொண்டு, வெளியே வந்து சொட்டு விடுவது என்பதுதான் திட்டம்.

முதல் கோடு விழுந்தது. அவர் கொட்டாவி விட்டார், அவ்வளவுதான். ஆனால் வாட்சில் நான் ஒரு கோட்டோடு நின்றேனா? ஒரு பொருளுக்கு ஒரு நியாயம், இன்னொரு பொருளுக்கு இன்னொரு நியாயம் என்று வைத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது கோடு கொஞ்சம் அழுத்தமாகப் போய்விட்டது. பல் என் கையோடு வந்துவிட்டது. மீதிப் பற்கள் என் ஆட்காட்டி விரலை அங்கேயே நிறுத்திக்கொண்டன. இந்தக் கட்டு அதனால் வந்ததுதான். எழுபது வயதுக்கு நல்ல உறுதியான பற்கள், அதைப் பதிவு செய்கிறேன்.

பல்லோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். திருடிக்கொண்டு ஓடியதாகப் புகாரில் எழுதியிருக்கிறார்கள், அது தவறு. ஓடுகிறவன் தெருப்பக்கம் ஓடுவானே தவிரக் குளியலறைக்குள் ஓட மாட்டான். பல் கையில் வந்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது. வெளியே தங்கம், சரி. உள்ளே ஈயம் வைத்து மேலே தங்கத் தகடு போர்த்துகிற பல் வைத்தியர்களும் உண்டு. சின்னக் கல் உடனே நிறைந்துவிட்டது. துணி துவைக்கிற கல் மூலையில் இருந்தது.

நாற்பது நிமிடம் கதவைத் தட்டினார்கள். என் மனைவி முதலில் கெஞ்சினாள். "ஏங்க, பாதியாவது மிச்சம் வைங்க" என்றாள். பாதி சோதித்த பொருளுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று நான் உள்ளேயிருந்தே கேட்டேன். பெரிய மாமா தோளால் கதவை இடித்தார், இருதய அறுவை செய்துகொண்டவர் அப்படிச் செய்யக் கூடாது என்று எச்சரித்தேன். கதவு விழுந்தபோது நான் கடைசிக் கோட்டுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். என் மாமனார் இங்கே புகார் சொல்ல வந்தபோது, பல் போன இடம் வழியாகக் காற்று போய் அவர் பேச்சு யாருக்கும் பிடிபடவில்லை. பெரிய மாமாதான் பக்கத்தில் உட்கார்ந்து, "என் தம்பி என்ன சொல்றான்னா" என்று ஒவ்வொரு வரியாக எடுத்துச் சொன்னார். நீங்களே பார்த்தீர்கள். முப்பத்தொரு வருடம் பேசாதவர்கள். ஒருவர் கையை ஒருவர் விடவே இல்லை. போகும்போதும் தீப்பெட்டியை மாறி மாறிக் காதில் வைத்துக்கொண்டே போனார்கள்.

சற்று முன்பு என் மனைவி வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஒரே ஒரு தடவை தப்புன்னு எழுதிக் கொடுங்க. அப்பா புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன்னு சொல்றார்" என்றாள். மோதிரம் இல்லாத விரலால் கம்பியைப் பிடித்திருந்தாள். இருபது வருடமாக அந்த விரலை நான் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. எனக்கு அவள்மேல் ரொம்பப் பிரியம் உண்டு, இதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனவே ஒப்புக்கொள்கிறேன். வாட்சின் கூட்டை, அரிசி அளவு இருந்த கடைசித் துண்டு வரை, உரைத்துத் தீர்த்தது நான்தான். வியாழன் பதினொன்று ஐந்துக்கே விடை எனக்குத் தெரியும். தூங்குகிற மனிதரின் வாய்க்குள் கல்லை விட்டதும், பல்லைப் பிடுங்கியதும், அதையும் உரைத்துத் தீர்த்ததும் நான்தான். யாரும் தூண்டவில்லை. இரண்டும் எங்கேயும் போய்விடவில்லை. ஏழு கல்லிலும், ஜன்னல் திட்டிலும், மேலிருந்து எட்டுப் படியிலும், என் சட்டைப்பைச் சின்னக் கல்லிலும், ஒரு துவைக்கிற கல்லிலும் அப்படியே இருக்கின்றன. தையல்காரரிடம் சொல்லி, படியைப் பெருக்காமல் இருக்கச் செய்ய வேண்டும்.

தவறு என்று எழுதச் சொன்னாளே, அதையும் யோசித்துப் பார்த்தேன். ஒன்று இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பல்லை உரைப்பதற்கு முன்னால் எடை போட மறந்துவிட்டேன். அதனால் அதன் மதிப்பைத் தோராயமாகத்தான் எழுத முடிந்தது, அதற்காக மாமனாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தரத்தில் சந்தேகமே இல்லை. பதினெட்டு காரட், வாட்சுக்கு அச்சு அசல். பெரிய மாமா சொன்னது அத்தனையும் உண்மை.

முப்பது வருடத்தில் என் கைக்கு வந்த எந்தப் பொருளும் சந்தேகத்தோடு திரும்பிப் போனதில்லை.